முழு மட்காட்

ஓட்டமாவடியிலிருந்து வெலிக்கந்தைக்குச் சைக்கிளில் போகலாமா என்று சீதேவிப்பிள்ளை மாமி கேட்டபோது, போகலாம் என்று உடனே சொல்லிவிட்டேன். யோசிக்கவில்லை. சைக்கிளைப் பற்றி யார் என்ன கேட்டாலும் எனக்கு அப்படித்தான், வாய் முந்திவிடும்.

அது 2009 ஒக்ரோபர். சண்டை முடிந்து ஐந்து மாதம். மாமி எங்கள் சைக்கிள் கடைக்குப் பக்கத்து அரிசி மில்லில் நெல் காயப்போடும் வேலை செய்பவர். சொந்த ஊர் வவுணதீவுக்கு அங்கால், படுவான்கரை. 2007இல் செல்லடிக்கு ஓடிவந்து, வாழைச்சேனையில் தங்கச்சி வீட்டோடு அப்படியே தங்கிப்போனவர். அன்றைக்குத் தங்கச்சியின் பழைய சைக்கிளுக்கு ஒட்டுப் போட வந்திருந்தார்.

“எத்தினை கட்டை மனே வரும்?”

“வெலிக்கந்தைச் சந்திக்கு இருவத்திரண்டு கட்டை மாமி. அங்கால உள்ளுக்குப் போகணுமா?”

“உள்ளுக்கு எட்டுக் கட்டை. காம்புக்கு.”

முப்பது மைல். கடைக்காரர் ரிஸ்கான் நானா ரியூப்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே நிமிர்ந்து பார்த்தார்.

“அக்கா, இந்தச் சைக்கிள்லயா? இது மில்லுக்குப் போய்ச் சேர்றதே அல்லாட கிருபை.”

“பஸ்ல போய்ப் பாத்திட்டன் தம்பி. சரிவருதில்ல.”

மாமியின் ஒரே மகன் நிதுர்ஷன் அந்த முகாமில் இருந்தான். 2006இல், பதினேழு வயதில், இயக்கத்துக்குப் போனவன். கொண்டுபோனார்களா, தானாகப் போனானா என்று மாமி சொல்வதில்லை. மே மாதம் முல்லைத்தீவுப் பக்கம் சரணடைந்து, மூன்று முகாம் மாறி, கடைசியாக வெலிக்கந்தைக் காட்டுக்குள் வந்து சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க விடுவார்கள். பதினொரு மணிக்குப் பெயர் பதிவது முடிந்துவிடும். முதல் பஸ்ஸில் போனாலும் வழியில் இறங்கி, வரிசையில் நின்று, பையைக் காட்டி, திரும்ப ஏறி, சந்தியில் இறங்கும்போது பத்தாகிவிடும். உள்ளே போக வாகனம் இல்லை. ஓகஸ்ட்டில் எட்டு மைலும் நடந்துபோய், பதிவு முடிந்தது என்று திரும்பி வந்திருக்கிறார். செப்ரெம்பரில் ஒரு ட்ரக்டர் கிடைத்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவனை ஐந்து நிமிடம் பார்த்திருக்கிறார்.

“அஞ்சு நிமிசத்தில அவன் என்ன மெலிவெண்டு பாத்து முடியல்ல, ஆமிக்காரன் விசிலடிச்சிட்டான்” என்றார். அழவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தைப் பெருவிரலால் அமத்திப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கடையின் பின்பக்கம் எனக்கு ஒரு குவியல் இருந்தது. சுனாமிக்குப் பிறகு ஏதோ ஒரு வெளிநாட்டு அமைப்பு எங்கள் கரைக்கு ஒரு கொள்கலன் நிறையப் பழைய மலைச் சைக்கிள்கள் அனுப்பியிருந்தது. எல்லாம் இருபது வருடத்துக்கு முந்தியவை. தடித்த இரும்புக் குழாய், முள்ளு முள்ளாக ரயர், முன்னுக்கு மூன்று பல்லுச்சில்லு, பின்னுக்கு ஆறு, ஹாண்டிலுக்கு மேலே பெருவிரலால் தள்ளும் கியர். அந்த ஊரில் மலையில் ஏறி விளையாட வைத்திருந்ததை எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் அதற்குப் பெயர் சுனாமி சைக்கிள். வீடு, வள்ளம், கோழிக்கூடு எல்லாம் சுனாமி என்று பெயர் எடுத்த காலம், சைக்கிளும் எடுத்தது.

வரிசையில் நின்று வாங்கியவர்கள் ஒரு வருடத்துக்குள் வேலியோரம் சாத்திவிட்டார்கள். கரியர் இல்லாத சைக்கிளில் அரிசிப்பையை எங்கே வைப்பது, பிள்ளையை எங்கே இருத்துவது? ஸ்டாண்ட் இல்லை, மட்காட் இல்லை, லைட் இல்லை. குனிந்து ஓட்டினால் இடுப்பு, நாரி எல்லாம் பிடிக்கும். நானா அவற்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கிக் குவித்தார். நான் ஒவ்வொன்றாக அதிலிருந்து இழுத்தெடுத்து மனிதர் ஓட்டுகிற சைக்கிளாக மாற்றிக்கொண்டிருந்தேன். தேற்றாத்தீவிலிருந்து இங்கே வேலைக்கு வந்ததே அந்தக் குவியலுக்காகத்தான். அதே கொள்கலனிலிருந்து எனக்கும் ஒன்று கிடைத்திருந்தது. அண்ணனின் பெயரில் பதிந்தது. கொடுக்கும்போது அண்ணன் இல்லை. அதை மட்டும் நான் மாற்றவில்லை. வந்தபடியே, முள்ளு ரயரோடு, கரியரும் மட்காட்டும் இல்லாமல் ஓட்டினேன்.

“மாமி, பத்து நாள் தாங்க” என்றேன். “வெலிக்கந்தை என்ன, கண்டிக்கே போகலாம்.”

“கண்டியில எனக்கு ஆர் இரிக்கா?” என்றார் மாமி.

நல்லதாக, குறுக்குப் பார் இல்லாத ஒரு பச்சைச் சட்டத்தை எடுத்தேன். அதன் நேர் ஹாண்டிலைக் கழற்றி, உயர்ந்து வளைந்த உள்ளூர் ஹாண்டிலைப் போட்டேன். மாமி நிமிர்ந்திருந்து ஓட்டலாம். முள்ளு ரயர் தார் றோட்டில் இழுக்கும், ஆளைக் களைக்க வைக்கும். மட்டக்களப்புக்குப் போய் வழுக்கையான ரயர் இரண்டு தேடி வாங்கினேன். கட்டடக் கம்பியை வளைத்துக் கரியர் அடித்தேன். இரண்டு கால் ஸ்டாண்ட். டைனமோ. பின்பல்லில் ஒன்று தேய்ந்திருந்தது, இன்னொரு சைக்கிளிலிருந்து எடுத்து மாற்றினேன். கடைசியாக மட்காட், சக்கரத்துக்கு மேலே சேறு மறிக்கும் தகரம்.

மட்காட் வேண்டாம் என்று மாமிதான் சொன்னார். மில் இடைவேளையில் வந்து பார்த்தவர், சக்கரத்துக்கும் தகரத்துக்கும் இடையில் சின்னவிரலை நுழைத்தார். விரல் மட்டுமட்டாகப் போனது.

“இதுக்குள்ள களிமண் போனா எங்கால மனே வெளிய வரும்?”

“தார் றோட்டுத்தானே மாமி. களி எங்க?”

“உள்ளுக்கு மண் றோட்டு.”

“எட்டுக் கட்டைதானே. மட்காட் இல்லாட்டி ஒரு பள்ளத்துத் தண்ணி காணும், சீலையெல்லாம் அடிச்சிரும்.”

சீலை என்றதும் மாமி கையை எடுத்துக்கொண்டார். செப்ரெம்பரில் போனபோது ட்ரக்டர்ப் புழுதியோடு போய் நின்றிருக்கிறார். அம்மா கூலி வேலைக்குப் போகிறாளா என்று மகன் கேட்டானாம். இல்லை என்று சொல்லியிருக்கிறார். இந்த முறை போவதற்குத் தங்கச்சியிடம் ஒரு நீலச் சீலை கேட்டு வைத்திருந்தார்.

“அப்ப போடு. முழுசாப் போடு” என்றார்.

முழுசாகப் போட்டேன். தொங்கலில் றப்பர் வார் கூட வைத்தேன். எனக்கு ஒரு நோய் இருந்தது: மட்காட் கடகடவென்று ஆடுகிற சைக்கிளைக் கண்டால் பிடிக்காது. எங்கள் கரையில் ஆடுகிற மட்காட் என்றால் கவனமில்லாத வேலை என்று அர்த்தம். ஆகவே நட் போடாமல், தாங்கு கம்பிகளைக் கரியரோடும் சட்டத்தோடும் சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டேன். சக்கரத்தைச் சுழற்றி விட்டால் ஒரு சத்தம் வராது.

நானா வந்து தட்டிப் பார்த்தார். “நட் போட்டிருக்கலாமேடா.”

“ஆடும் நானா.”

“ஆடட்டுமே. சைக்கிளெண்டா கொஞ்சம் கதைக்கத்தான் வேணும். உன்னப் போல.”

நான் கேட்கவில்லை. பச்சை பெயின்ற் அடித்துக் காயவிட்டேன்.

நவம்பர் முதல் கிழமை மாமி மில்லிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். தலையெல்லாம் உமித்தூள்.

“வாற திங்கக்கிழமை ஒரு பகுதியை வவுனியாப் பக்கம் ஏத்துறாங்களாம். இவன்ட பேரும் இரிக்காம். போய்வந்த பொண்டுகள் சொல்லுதுகள். ஞாயித்துக்கிழமை பாக்காட்டி மறுகா எப்ப எண்டு இல்ல.”

“ஞாயிறு விடிய வெளிக்கிடுவம் மாமி. நானும் வாறன்.”

“நீ என்னத்துக்கு?”

“சைக்கிள் ஓடுற விதம் பாக்கணும்.”

உண்மையும் அதுதான். அவ்வளவு தூரம் ஒரு சுனாமி சைக்கிள் ஓடிப் பார்த்ததில்லை. மாமி மகனுக்காகப் போனார், நான் கியருக்காகப் போனேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமையிலிருந்து மழை. ஞாயிறு காலை ஐந்தரைக்குத் தூறல் மட்டும். மாமி நீலச் சீலையில் வந்தார். கரியரில் ஒரு பை: மகனுக்கு உடுக்க ஒரு சாரம், இரண்டு சவுக்காரக் கட்டி, வாழையிலையில் கட்டிய சோறு. தார் றோட்டில் சைக்கிள் கதையே சொல்லாமல் ஓடியது. நாவலடிச் சந்தி தாண்டி ஏற்றத்தில் “பெருவிரலால முன்னுக்குத் தள்ளுங்க மாமி” என்றேன். தள்ளினார். சங்கிலி ஏறியது. காலின் பாரம் குறைந்தது அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

“இது ஆரோ பின்னால பிடிச்சுத் தள்ளுற போல இரிக்கு” என்றார்.

வழியில் ஒரு சோதனைச்சாவடியில் இளம் ஆமிக்காரன் ஒருவன் எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு மாமியின் சைக்கிளைச் சுற்றி வந்தான். “கியர் கீயத?” என்றான். எத்தனை கியர் என்கிறான். “தஹஅட்டய்” என்றேன். பதினெட்டு. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி சைக்கிள்தான். அவன் ஏறி ஒரு சுற்று ஓடிப் பார்த்தான். பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டான், அவனும் ஒரு சுற்று. மாமி பையை மார்போடு அணைத்துக்கொண்டு மழைக்குள் நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெலிக்கந்தைச் சந்தியில் மணி எட்டேமுக்கால். சீலையில் ஒரு சொட்டுச் சேறு இல்லை.

“பாத்தீங்களா?” என்றேன்.

“ஓம் மனே, பாத்தன்” என்றார் மாமி. “இனித்தான் உள்ளுக்கு.”

உள்ளே முதல் மூன்று மைல் கிறவல் கல் போட்ட றோட்டு. பிறகு வாய்க்கால் கரை. பிறகு வயல்களுக்கு நடுவே மண் றோட்டு, இரண்டு நாள் மழை குடித்த கரும் களி. நான் பிறந்து வளர்ந்தது கடற்கரை மணலில். மணல் சக்கரத்தைப் பிடிக்கும், ஆனால் உதறினால் விட்டுவிடும். களி அப்படியில்லை. ரயரில் ஏறி, சுற்றி வந்து, மட்காட்டுக்குள் போய், அங்கேயே இருந்துகொண்டது. அடுத்த சுற்றில் வந்தது அதன்மேல் அப்பியது. நூறு யார் போகவில்லை, முன்சக்கரம் நின்றுவிட்டது. பின்சக்கரமும். மாமி சரிந்து ஒரு காலை ஊன்றினார். செருப்பு களிக்குள் போய்விட்டது.

நான் குச்சி முறித்துக் குத்தினேன். ஒரு பிடி வந்தது, உள்ளே நான்கு பிடி இருந்தது. சாவிகள் எல்லாம் என்னிடம் இருந்தன, எட்டு, பத்து, பதின்மூன்று. கழற்ற நட் இல்லை. நான்தான் வெல்டிங் வைத்திருந்தேனே. தகரத்தைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அவ்வளவு நல்ல வேலை.

துப்புரவாக்கி இருபது யார் தள்ளினால் மறுபடி நின்றது. மறுபடி குத்தினேன். மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. ஐந்து மைல் மிச்சம். ஒரு லான்ட்மாஸ்டர் ட்ரக்டர் கூட வரவில்லை. மழை பலத்தது.

“மாமி, தோளில தூக்கிட்டு வாறன், நீங்க நடங்க” என்றேன்.

“நடந்தா பதினொண்டுக்குப் போகேலாது.” மாமி என் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மட்காட் இல்லாத சக்கரம். முள்ளு ரயரில் ஏறிய களி சுற்றுக்குச் சுற்று தெறித்துப் போயிருந்தது. என் முதுகெல்லாம் அதுதான். “இதில ஏறலாமா?”

“உசரம் மாமி. குறுக்கால பாரும் இரிக்கு. சீலையோட...”

“சீற்றைப் பதி.”

சீற்றை அடிவரைக்கும் பதித்தேன். அவசரத்தில் பதின்மூன்றாம் சாவி இரண்டு தரம் களிக்குள் விழுந்தது. மாமி அதற்குள் நீலச் சீலையை முழங்காலுக்கு மேலே தூக்கி, நாத்து நடப் போகிறவர்கள் கட்டுவதுபோல இடுப்பில் செருகிக்கொண்டார். என் சைக்கிளில் கரியர் இல்லை. பையைப் பிரித்து, சாரத்தையும் சவுக்காரத்தையும் முந்தானையில் முடிந்து முதுகில் கட்டினார். சோறு மிஞ்சியது.

“நீ தின்னு. அதை உள்ளுக்கு விடமாட்டானுகள்.”

“கியர் இடப்பக்கம் மாமி, சின்னதில விடுங்க...”

“நீ கதையாத” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான்.

பாரைத் தாண்டி ஒரு காலைப் போட்டு ஏறிவிட்டார். முதலில் வாய்க்கால் பக்கம் சாய்ந்தார். பிறகு நேரானார். பின்சக்கரம் களியை அள்ளி அள்ளி அவருடைய முதுகில் எறிந்துகொண்டே போனது. வளைவில் திரும்பும்போது நீலம் எங்கேயும் தெரியவில்லை.

நான் பச்சைச் சைக்கிளோடு நின்றேன். சும்மா நிற்க எனக்குத் தெரியாது. ஒரு கல்லை எடுத்து வெல்டிங் வைத்த இடங்களில் அடித்தேன். பெயின்ற் போனது, கம்பி வளைந்தது, ஒட்டு விடவில்லை. அரைமணித்தியாலம் அடித்திருப்பேன். பிறகு சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். இரும்புச் சட்டம், கரியர், இரண்டு கால் ஸ்டாண்ட், டைனமோ, நான் ஆசை ஆசையாகப் பூட்டிய ஒவ்வொன்றும் பாரம். ஒரு மைல் போனதும் மதகுக்கட்டில் இருந்துவிட்டேன். பசித்தது. சோற்றைப் பிரித்தேன். இறால் பொரித்து, மாசிச் சம்பல் வைத்திருந்தார். கொஞ்சம்தான் தின்பது என்று தொடங்கி முழுவதையும் தின்றேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து ஐம்பது. அதன் பிறகு பார்க்கவில்லை.

ஒன்றரை மணிக்கு மாமி வந்தார். ஓட்டவில்லை, உருட்டிக்கொண்டு வந்தார். தலையிலிருந்து பாதம் வரை களி. பற்கள் மட்டும் வெள்ளை. கேட்கப் பயமாக இருந்தது. எழுந்து நின்றேன்.

“கடைசிப் பேர் என்ட பேர்” என்றார். மதகுக்கட்டில் வந்து இருந்தார். மூச்சு வாங்கினார். “பதியிறவன் என்னைப் பாத்திட்டு மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். சிரிச்சானுகள். மறுகா ஒரு வாளித் தண்ணி கொண்டுவந்து தந்தான், கழுவச் சொல்லி. நான் கழுவப் போகல்ல. நேரம் போயிரும்.”

“எவ்வளவு நேரம் விட்டானுகள் மாமி?”

“கால்மணி.”

வாய்க்காலில் இறங்கிக் கையையும் முகத்தையும் கழுவினார். சீலையைக் கழுவவில்லை. திரும்பி வந்து இருந்தார்.

“நாளைக்கு விடிய ஏத்துறானுகளாம். உண்மைதான். வவுனியாவாம்.”

“நான் மட்காட்டை...” என்று தொடங்கினேன்.

“அவன் என்னைக் கண்டதும் சிரிச்சான்” என்றார் மாமி. நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. “போன முறை சிரிக்கல்ல. இந்த முறை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கான். ‘என்னம்மா, வட்டையில இருந்து நேரா வாறியா? விதைச்சாச்சா?’ எண்டு கேட்டான்.”

அவர்களுடைய வட்டை, படுவான்கரையில் இருக்கும் வயல், இரண்டு வருடமாகப் பற்றை மூடிக் கிடக்கிறது. எல்லை வரம்பு எது என்று கூடத் தெரியாது என்று மாமி ஒருமுறை நானாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

“என்ன சொன்னீங்க?”

“ஓம் எண்டன். விதைச்சாச்சு எண்டன். என்ன நெல்லு எண்டு கேட்டான். அதுக்கும் ஒரு பேர் சொன்னன். கிழக்கு மூலையில தண்ணி நிக்கும், வாய்க்காலை வெட்டிவிடு எண்டான். வெட்டியாச்சு எண்டன். கால்மணியும் அதான் கதைச்சம். அவன்ட காலுக்கு என்ன நடந்த எண்டு கேக்க நினைச்சுப் போனன். நொண்டுறான். கேக்கல்ல.”

மழை விட்டு வெயில் தெரிந்தது. மாமியின் கையில் களி காய்ந்து வெடிக்கத் தொடங்கியது. நகத்தால் சுரண்டி, சுரண்டியதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு உதறிவிட்டார்.

“வாங்க மாமி, கிறவலுக்கு ஏறினா ஓடலாம்” என்றேன். “கடைக்குப் போனதும் இரும்பறுக்கிற வாளால அறுத்துத் தாறன். எல்லாத்தையும் அறுத்திருவன்.”

“அறு.”

பச்சைச் சைக்கிளை நான் தூக்கிக்கொண்டேன். மாமி என்னுடையதை உருட்டினார். வாய்க்கால் கரை வரைக்கும் இருவரும் கதைக்கவில்லை. எனக்கு அது பெரிய தூரம். கரையில் ஏறியதும் மாமி நின்று, செருப்பில்லாத காலைப் புல்லில் தேய்த்தார்.

“வவுனியா எத்தினை கட்டை மனே?”

எந்த ஊருக்கு எத்தனை கட்டை, எங்கே ஏற்றம், எங்கே யானை மறிக்கும், எங்கே தேத்தண்ணி கிடைக்கும், எல்லாம் என்னிடம் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்வேன். பொலன்னறுவை, ஹபரணை, அங்கால மதவாச்சி. மனதுக்குள் கூட்டினேன். மாமியின் முகத்தைப் பார்த்தேன். வாய் வரவில்லை.

“சொல்லு.”

“நூறுக்கு மேல வரும் மாமி.”

மாமி தலையாட்டினார். குனிந்து என் சைக்கிளின் முன்சக்கரத்திலிருந்து ஒரு பிடி களியை வழித்து வாய்க்காலுக்குள் எறிந்தார். கையைச் சீலையில் துடைத்தார்.

“ரெண்டு நாள் எடுக்குமா?”

“மூண்டு” என்றேன்.

“அப்ப மில்லில மூண்டும் மூண்டும் ஆறு நாள் லீவு கேக்கணும்” என்றார் மாமி. கிறவல் தொடங்கியிருந்தது. ஏறி ஓடாமல், உருட்டிக்கொண்டே நடந்தார்.